நிறுத்தச் சொல்வதற்கு ஆளில்லை: சத்திரசிகிச்சை விடுதியும் நுண்ணுயிர்க்கொல்லியும்

சென்ற ஆண்டு எமது சங்கம் நடத்திய விவாத அரங்கிலே, "நுண்ணுயிர்க்கொல்லிகள் வலுவிழந்து போவதற்குப் பொதுமக்களின் அறியாமையே காரணம்" என்னும் பொருள் எடுத்துக்கொள்ளப்பட்டது. பொருளை ஆதரித்துப் பேசிய மருத்துவபீட நண்பரே அன்று வெற்றிபெற்றார். அவருடைய பேச்சுத் திறமானது என்பதை மறுப்பதற்கில்லை. மருந்துத் துண்டின்றிக் கடையிற் குளிசை வாங்கும் தாயையும், காய்ச்சல் விட்டதும் மீதிக் குளிசைகளை அலுமாரியிற் பூட்டிவைத்து அடுத்த மாதம் அயலவருக்குத் தானஞ்செய்யும் தந்தையையும் அவர் நடித்தே காட்டினார். சபை சிரித்தது. எதிரணியிலிருந்த நாம் மறுமொழி அறியாது விழித்தோம். முடிவுரையில் அவர் எம்மை நோக்கி, "இது மருத்துவம், இதிலே கருத்துக் கூறமுன்பு கலைப்பீட நண்பர்கள் சிறிது நுண்ணுயிரியல் படிக்கவேண்டும்" என்றார். பெருத்த கரகோஷம். அக்கரகோஷத்துக்கான மறுமொழியே இக்கட்டுரை. காலந்தாழ்த்தி வருகின்றதென்பதை ஒப்புக்கொள்கின்றேன்.

அவர் சொற்படியே சிறிது படித்தேன். படித்ததன் பயனாக அவருக்கு நான் கூறக்கூடியது, மருத்துவத்துள்ளே மருத்துவம் அல்லாத பகுதியொன்று உண்டு என்பதாகும். அப்பகுதி நுண்ணுயிரியற் பாடநூலில் இல்லை. யார் யாரிடம் வினவலாம், யார் எழுதியதை யார் வெட்டலாம், யார் வாய்திறவாது நிற்கவேண்டும் என்பனபற்றியது அது. சமூகவியல் மாணவனுக்கு அதிலே கருத்துக்கூற உரிமையுண்டு.

இதனை நான் நூலகத்திலிருந்து தொடங்கவில்லை. விவாத அரங்கு நடந்து சில மாதங்களின்பின் எனது பெரியப்பாவுக்குக் குடலிறக்கத்துக்கான சத்திரசிகிச்சை நடைபெற்றது. வைத்தியசாலையின் பெயர் இங்கு வேண்டப்படுவதன்று. வன்னியிலே பல ஊர்களுக்குப் பொதுவான ஆதார வைத்தியசாலைகளுள் ஒன்று எனக் கொள்க. விடுமுறையாதலால் உதவிக்கு நிற்கும் பொறுப்பு என்னுடையதாயிற்று. சத்திரசிகிச்சை காலை எட்டு மணிக்கு என்றார்கள். ஆறு மணிக்கே விடுதியில் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி ஏற்றப்பட்டது. அவசர நோயாளர் இருவர் இடையில் வந்தமையால் அவர் சத்திரசிகிச்சைக்கூடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது நேரம் பிற்பகல் ஒரு மணி கடந்துவிட்டது. ஊசி மீண்டும் போடப்படவில்லை. போடப்படவேண்டும் என்று அப்போது எனக்குந் தெரியாது. சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. அதன்பின் இருவகை நுண்ணுயிர்க்கொல்லிகள் மூன்று நாளைக்கு ஊசியாகவும், நான்கு நாளைக்குக் குளிசையாகவும் எழுதப்பட்டன. நான்காம் நாள் பெரியப்பாவுக்கு வயிற்றோட்டம் தொடங்கிற்று. குடலிறக்கத்துக்காக இரண்டு நாளில் வீடு திரும்பவேண்டியவர் ஒன்பது நாள் கட்டிலிற் கிடந்தார்.

ஏன் ஏழு நாள் என்று உள்ளகப் பயிற்சி வைத்தியரிடம் கேட்டேன். அவர் என்னைவிட மூன்று அல்லது நான்கு வயது மூத்தவராயிருப்பார். முப்பத்தாறு மணிநேரம் உறங்காதவரின் கண்கள். "சேர் அப்படித்தான் விரும்புவார்" என்றார். சேர் அப்படிக் கூறினாரா என்று கேட்டேன். "கூறவில்லை. ஆனால் முன்பிருந்தவர்களும் அப்படித்தான் எழுதினவை" என்றார். அன்றிரவு ஊசி ஏற்றவந்த தாதி, நான் கேளாமலே தணிந்த குரலிற் சொன்னார்: "இது தேவையில்லை எண்டு எனக்கும் தெரியும் தம்பி. ஆனா நிப்பாட்டுறது என்ர வேலை இல்லை."

ஒருவருக்குத் தெரியவில்லை, ஒருவருக்குத் தெரிந்தும் அதிகாரமில்லை, அதிகாரமுள்ளவர் அந்நேரத்தில் இன்னொருவரின் வயிற்றைத் திறந்துகொண்டு நிற்கின்றார். இம்மூவருள் எவரும் தீயவர் அல்லர். சோம்பேறியும் அல்லர். பொதுமக்களின் அறியாமையை இக்காட்சியில் எவ்விடத்திற் பொருத்துவது என்பதை நண்பர்தான் கூறவேண்டும்.

இனி நூலகத்துக்கு வருவோம். சத்திரசிகிச்சைக்கு முன் நுண்ணுயிர்க்கொல்லி கொடுப்பது, இருக்கும் தொற்றைக் குணப்படுத்துவதற்கன்று; வெட்டுகின்ற வேளையிற் புண்ணினுள் வந்துவிழும் பற்றீரியாக்கள் வேர்கொள்ளாது தடுப்பதற்கேயாகும். ஆகவே பற்றீரியா வந்து சேரும்போது மருந்து இழையத்திலே காத்திருக்கவேண்டும். அமெரிக்கச் சத்திரசிகிச்சை அறிஞர் ஜோன் பேர்க் 1961 இல் கினிப்பன்றிகளைக் கொண்டு இதனைக் காட்டினார். பற்றீரியாவைத் தோலினுட் செலுத்துவதற்குச் சற்று முன்னரோ அதே வேளையிலோ மருந்து கொடுத்தபோது புண் அடங்கியது. மூன்று மணிநேரம் கழித்துக் கொடுத்தபோது, கொடாமல் விட்டதற்கும் கொடுத்ததற்கும் வேறுபாடு இருக்கவில்லை. மனிதரிடத்து இதே உண்மை 1992 இல் வெளிவந்த ஆய்வொன்றினால் உறுதியாயிற்று. சோல்ட் லேக் நகர வைத்தியசாலையொன்றில் 2,847 நோயாளர் அவதானிக்கப்பட்டனர். வெட்டுவதற்கு முந்திய இரண்டு மணிநேரத்துள் மருந்து பெற்றோரிற் புண்தொற்று 0.6 சதவீதம். அதற்கும் முன்னதாகப் பெற்றோரில் 3.8 சதவீதம். வெட்டி மூன்று மணிநேரத்தின் பின்னர் பெற்றோரில் 3.3 சதவீதம். நேரத்துக்கு மிக முந்திக் கொடுப்பதும் மிகப் பிந்திக் கொடுப்பதும் ஏறத்தாழ ஒரே தவறு என்பது இதன் பொருள். பெரியப்பாவின் ஆறுமணி ஊசியை இவ்வட்டவணையில் எங்கே வைப்பது என வாசகர்களே தீர்மானிக்கலாம். மருந்து அளவுக்கு மிஞ்சிக் கிடைத்தது. வேண்டிய வேளையிற் கிடைக்கவில்லை.

நாட்கணக்கு விடயம் இன்னுந் தெளிவானது. உலக சுகாதார நிறுவனம் 2016 இல் வெளியிட்ட வழிகாட்டல், வெட்டுவதற்கு முந்திய 120 நிமிடத்துள் மருந்து கொடுக்கப்படவேண்டுமென்றும், தடுப்புக்காகக் கொடுக்கும் மருந்தைச் சத்திரசிகிச்சை முடிந்தபின் நீட்டலாகாதென்றும் கூறுகின்றது. அதே 2016 இல் இலங்கை நுண்ணுயிரியலாளர் கல்லூரி ஏனைய நிபுணர் கல்லூரிகளோடு சேர்ந்து எமது நாட்டுக்கான வழிகாட்டல் நூலையும் வெளியிட்டுவிட்டது. வலைவைத்துத் தைக்கும் குடலிறக்கச் சத்திரசிகிச்சைக்கு, மருந்து கொடுப்பதாயின், ஒரு தடவை போதுமானது. நீட்டுவதால் நன்மையில்லாவிடினும் தீமையில்லையே என்பார் உளர். தீமையுண்டு. அமெரிக்காவின் முன்னாட் படைவீரர்க்கான வைத்தியசாலைகளில் எழுபத்தொன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சத்திரசிகிச்சைகளை நோக்கி 2019 இல் வெளியிடப்பட்ட ஆய்வு, ஒரு நாளுக்கு மேல் நீட்டியதாற் புண்தொற்றுக் குறையவில்லை என்றும், நீட்டிய ஒவ்வொரு நாளோடும் சிறுநீரகப் பாதிப்பும், நுண்ணுயிர்க்கொல்லியாலேயே விளையும் கொடிய வயிற்றோட்டமும் கூடின என்றும் கண்டது. தடுப்பு மட்டுமன்று, உண்மையாகவே தொற்றுள்ள வயிற்றுக்கும் இது பொருந்தும். வயிற்றினுட் சீழ்கட்டிய 518 நோயாளரிடத்து, சீழை முறையாக அகற்றியபின் நான்கு நாள் மருந்தும் எட்டு நாளளவான மருந்தும் ஒரே பயனையே தந்தன என 2015 இல் நிறுவப்பட்டது. சீழை அகற்றியது சத்திரசிகிச்சை நிபுணரின் கத்தி. தமது கத்தியின் ஆற்றலில் அவருக்கே நம்பிக்கை குறைந்திருப்பது விந்தை.

ஆகவே அறிவு இருக்கின்றது. அச்சிட்ட நூலாக, விடுதித் தாதியின் மேசை இழுப்பறையிற்கூட இருக்கின்றது. பின்னர் ஏன் ஏழு நாள்?

இவ்வினாவை இலண்டனிலே சிலர் முறையாக ஆராய்ந்திருக்கின்றனர். 2013 இல் வெளிவந்த ஆய்வொன்றில், நான்கு வைத்தியசாலைகளைச் சேர்ந்த 39 வைத்தியர்கள், மருந்தாளர்கள், தாதியர் ஆகியோரிடம் நுண்ணுயிர்க்கொல்லி எழுதப்படும் முறைபற்றி நேர்முகமாக வினவப்பட்டது. அவர்கள் கண்டறிந்ததற்கு ஆய்வாளர் இட்ட பெயர் 'மருந்தெழுதும் ஆசாரம்' என்பதாகும். எமக்குப் பழக்கமான சொல்! ஒருவர் எழுதிய மருந்தில் மற்றவர் தலையிடலாகாது. எழுதப்பட்ட விதியினும் சிரேட்டர்களின் வழக்கமே பெரிது. அவர்கள் விதியை மீறினால் அது மீறலாகாது, அனுபவமாகும். இவையே அவ்வாசாரத்தின் கூறுகள். அதே குழுவினர் 2019 இல் மருத்துவ விடுதியையும் சத்திரசிகிச்சை விடுதியையும் ஒப்பிட்டனர். சத்திரசிகிச்சை நிபுணரின் மனமும் நேரமும் சத்திரசிகிச்சைக்கூடத்திலேயே குவிந்திருக்கின்றன. விடுதியில் எஞ்சும் இளநிலை வைத்தியர், தம் தகுதிக்கு மிஞ்சிய முடிவுகளைத் தனியே எடுக்கவேண்டியவராகித் தம்மைக் காத்துக்கொள்ளும் பொருட்டு மருந்தைத் தொடர்கின்றனர். தொடங்கியவர் ஒருவர், தொடர்பவர் ஒருவர், பொறுப்பாளி எவருமிலர்.

வன்னியில் நான் கண்ட காட்சி இலண்டன் ஆய்வாளரின் ஏட்டில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்ததைக் கண்டபோது எனக்கு ஒருவகை ஆறுதல் ஏற்பட்டது என்று சொன்னால் அது பொய்யாகாது. எமது நாடு பின்தங்கியது, ஆகவே எமது வைத்தியரும் பின்தங்கியவர் என்று எளிதாகக் கூறிவிட முடியாது. நோய் அதிகாரப் படிநிலையில் இருக்கின்றது. படிநிலை உள்ள இடமெல்லாம் அது உண்டு. ஒரு தொழில் தன் அறிவின் பெயராலே தன்னைப் பிறர் வினவுதற்கு அப்பாற்பட்டதாக ஆக்கிக்கொள்வதை எலியற் பிறீட்சன் என்னும் அமெரிக்கச் சமூகவியலாளர் 1970 இலேயே விரிவாக எழுதிவிட்டார். அவரைக் கலைப்பீடத்திற் படிக்கின்றோம். மருத்துவபீடத்திற் படிக்கின்றார்களா என்பதை நான் அறியேன்.

வரலாறும் இதனையே கூறும். வியன்னாவின் பிரசவ விடுதியில் 1847 இல் இக்னாஸ் செமல்வைஸ் கைகழுவச் செய்து தாய்மாரின் சாவைப் பெருமளவு குறைத்தார் என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். அவர் அவ்விடுதியில் உதவியாளர் நிலையில் இருந்தவர் என்பதும், அவருக்கு மேலிருந்த பேராசிரியர் உடன்படாத நிலையில் 1849 இல் அவரது பதவிக்காலம் நீடிக்கப்படவில்லை என்பதும் பள்ளி நூல்களில் வருவதில்லை. சரியான விடை கிடைத்துவிட்டது; ஆனால் அதைச் சொன்னவர் தவறான படியில் நின்றார்.

நண்பரின் வாதத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு என்பதையும் இவ்விடத்திற் சுட்டவேண்டும். பெனிசிலினைக் கண்ட அலெக்சாண்டர் பிளெமிங் 1945 இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில் ஒரு கதை கூறினார். ஒருவன் தொண்டை நோவுக்குக் கடையிற் பெனிசிலின் வாங்கிப் போதாத அளவு உட்கொள்கின்றான், அவனுடைய கிருமி மருந்துக்குப் பழகிவிடுகின்றது, அது மனைவியைத் தொற்ற, அவள் மருந்து பயன்படாது இறக்கின்றாள், பழி கணவனுடையது. எச்சரிக்கை தீர்க்கதரிசனமானதுதான். ஆயின் கதையின் குற்றவாளியைக் கவனியுங்கள். அவன் வைத்தியசாலைக்கு வெளியே நிற்கும் பாமரன். அன்றுதொட்டு இன்றுவரை சுவரொட்டிகளும் விவாத மேடைகளும் அவனையே தேடிக்கொண்டிருக்கின்றன. அளவான மருந்தை அளவுக்கு மிஞ்சிய நாட்களுக்கு எழுதும் வைத்தியரைப்பற்றிய கதையை எவரும் சொல்லவில்லை. இதிலும் ஒரு வேடிக்கை: "குளிசையை முழுவதும் முடி" என்று அப்பாமரனுக்குச் சொல்லப்பட்ட உபதேசமே எல்லா நோய்க்கும் பொருந்துவதன்று, வேண்டியதற்கு மேல் உண்பதே எதிர்ப்பாற்றலை வளர்க்கின்றது என்று 2017 இல் பிரித்தானிய மருத்துவ ஏடொன்றில் அத்துறையினர் சிலரே எழுதினர். (காசநோய் போன்றவற்றுக்கு அவ்வுபதேசம் இன்றும் செல்லும் என்பதைச் சொல்லிவைக்கவேண்டும்; இக்கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் குளிசையை நிறுத்தவேண்டாம்.)

பெரியப்பாவுக்கு அடுத்த கட்டிலில் ஒருவர் கிடந்தார். மலையகத்திலிருந்து வந்து வன்னியிற் குடியேறியவர், நீரிழிவுக்காரர், காலிற் புண். மூன்று கிழமையாக விடுதியில் இருந்தார். புண்ணிலிருந்து எடுத்த சீழின் ஆய்வுகூட அறிக்கை வந்த அன்று, பல்கலைக்கழகத்திற் படிப்பவன் என்று கேள்விப்பட்டு, அதனை என்னிடம் நீட்டி வாசிக்கச் சொன்னார். ஆங்கிலத்தில் மருந்துகளின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எழுத்து. ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் 'ஆர்'. கடைசி ஒன்றுக்கு மாத்திரம் 'எஸ்'. 'ஆர்' என்றால் அம்மருந்துக்குக் கிருமி அடங்காது என்பது பொருளென்று தாதியிடம் கேட்டறிந்து சொன்னேன். "அப்ப நிறைய ஆர் இருக்கிறது நல்லதில்லையா தம்பி?" என்றார். அவரது கால் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டது என்று பின்னர் பெரியம்மா தொலைபேசியிற் கூறினார்.

பெரியப்பாவின் ஏழு நாட்களுக்கும் அவருடைய காலுக்கும் நேரடித் தொடர்புண்டு என்று நான் வாதிக்கமாட்டேன். அவ்வாறு வாதிப்பது அறிவியலன்று. ஆனால் ஒரே விடுதி, ஒரே காற்று, அதே கைகள். ஒரு கட்டிலில் வீணே சொரியப்படும் மருந்து அக்கட்டிலோடு நின்றுவிடுவதில்லை. எஞ்சிப் பிழைக்கும் பற்றீரியா கட்டில் இலக்கம் பார்ப்பதில்லை. உலகளவில் 2019 ஆம் ஆண்டில் மாத்திரம், மருந்துக்கு அடங்காத பற்றீரியாத் தொற்றை நேர்க்காரணமாகக் கொண்டு 12.7 இலட்சம் பேர் இறந்தனர் என 2022 இல் மதிப்பிடப்பட்டது.

எதிர்வாதங்களை மறைப்பது நேர்மையன்று. விவாத அரங்கின் பின் மற்றொரு மருத்துவபீட நண்பர், மேடையிற் பேசியவரிலும் நிதானமாக, என்னிடம் கூறியவற்றை இங்கு தருகின்றேன். சத்திரசிகிச்சை நிபுணரின் அச்சம் பொய்யானதன்று. உள்நோய் வைத்தியரின் நோயாளி இறந்தால் நோயினால் இறந்ததாகக் கூறுவர். சத்திரசிகிச்சை நிபுணரின் நோயாளிக்குப் புண் பழுத்தால் அவர் கையினாற் பழுத்ததாகக் கூறுவர். அறுபது கட்டிலுள்ள விடுதியில் தொண்ணூறு பேர் கிடக்கின்றனர்; தரையிற் பாய் விரித்தும் கிடக்கின்றனர். ஆய்வுகூட அறிக்கை வர மூன்று நாட் செல்லும். சில இடங்களில் ஆய்வுகூடமே இல்லை. இந்நிலையில் ஏழு நாள் எழுதுபவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது முறையா?

முறையன்று. நான் எவரையும் கூண்டில் ஏற்றவில்லை. ஆனால் அவ்வாதத்தின் முடிவை மட்டும் ஏற்கமுடியாது. நெரிசலும் அழுக்கும் தொற்றுக்குக் காரணமாயின், மருந்து நெரிசலைக் குறைக்குமா? கட்டில் கேட்கவேண்டிய இடத்திற் குளிசையைக் கொடுத்துச் சமாளித்துக்கொள்கின்றோம். நுண்ணுயிர்க்கொல்லி இங்கு மருந்தாக அன்று, அமைச்சினிடம் கேட்கத் துணியாத ஒன்றுக்கான ஈடாக வழங்கப்படுகின்றது. நிபுணரின் அச்சத்துக்கும் இதுவே விடை: தமது விடுதியில் எத்தனை புண் பழுத்தது, எத்தனை ஆறியது என்ற கணக்கை நிபுணருக்கு மாதந்தோறும் எவராவது எடுத்துக்கொடுத்தால் அச்சத்தின் இடத்தை அக்கணக்கு பிடித்துக்கொள்ளும். கணக்கில்லாத இடத்தில், இருபது ஆண்டுகளுக்கு முன் பழுத்த ஒரேயொரு புண்ணின் நினைவே விதியாகிவிடுகின்றது.

இனி, சுற்றுநிருபம் அனுப்பினாற் போதும் என்பாரைப்பற்றி. எமது நாட்டிலே எந்நோய்க்கும் முதல் மருந்து சுற்றுநிருபமே. சத்திரசிகிச்சைக்கு முன் குழுவினர் வாய்விட்டுச் சரிபார்க்கவேண்டிய பட்டியலொன்றை உலக சுகாதார நிறுவனம் வகுத்தது. முந்திய ஒரு மணிநேரத்துள் நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கப்பட்டதா என்பதும் அதில் ஒரு வினா. எட்டு நகரங்களில் அதனைப் பரீட்சித்தபோது சாவு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது என 2009 இல் அறிவிக்கப்பட்டது. பின்னர் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 101 வைத்தியசாலைகளில் அதே பட்டியல் மேலிருந்து கட்டாயமாக்கப்பட்டது. 0.71 சதவீதமாக இருந்த சாவு 0.65 ஆயிற்று, அது கணக்கியலிற் பொருட்படுத்தத்தக்க மாற்றமன்று என 2014 இல் வெளிவந்த ஆய்வு கூறியது. பட்டியல் ஒன்றே. முதலிடத்தில் அது வினவுவதற்கான உரிமையாக வந்தது. இரண்டாமிடத்தில் நிரப்பவேண்டிய தாளாக வந்தது. அவ்வேறுபாட்டை நான் இவ்வாறு விளங்கிக்கொள்கின்றேன். வேறு விளக்கம் உடையோர் எழுதட்டும்.

வைத்தியசாலைகளில் நுண்ணுயிர்க்கொல்லி எழுதுவதைச் சீர்செய்ய மேற்கொள்ளப்பட்ட முயற்சிகள் பற்றிய 221 ஆய்வுகளைத் திரட்டி 2017 இல் வெளியிடப்பட்ட தொகுப்பாய்வு இன்னொரு பாடத்தைத் தருகின்றது. தலையீடுகளாற் பயன் உண்டு. விதிப்படி எழுதப்பட்டவை 43 சதவீதத்திலிருந்து 58 சதவீதமாக உயர்ந்தன. சிகிச்சை நாட்கள் ஏறத்தாழ இரண்டு குறைந்தன. அதனாற் சாவு கூடவில்லை. ஆயினும் அனுமதியின்றி எழுதாதே என்று கதவை அடைக்கும் முறை, சில இடங்களில் வேண்டிய நோயாளிக்கும் மருந்து தாமதமாவதற்கும் வைத்தியரிடையே நம்பிக்கை குலைவதற்கும் வழிவகுத்தது. பொலிஸ்காரரை நியமிப்பதாற் காரியம் ஆகாது; உரையாடுபவரை நியமிக்கவேண்டும்.

என்னதான் செய்யவேண்டும் என்று கேட்பீர்கள். கலைப்பீடத்தான் மருந்தின் பெயரைக் கூற முற்படமாட்டான்; ஆனால் வேலைப்பங்கீட்டைப்பற்றிக் கூறலாம். தடுப்பு ஊசி விடுதியில் விடியற்காலையில் ஏற்றப்படுவது நிறுத்தப்பட்டு, சத்திரசிகிச்சைக்கூடத்தில் மயக்கமருந்து வைத்தியரின் கையால், நோயாளி மேசையில் ஏறியபின் கொடுக்கப்படவேண்டும். அப்போது வரிசை பிந்தினாலும் ஊசி பிந்தாது, முந்தாது. மருந்து எழுதும் அதே வரியில் எதற்காக என்பதும் எப்போது முடியும் என்பதும் எழுதப்படவேண்டும். இரண்டு நாள் கழிந்தபின் மருந்து தொடர்வதற்கு மீண்டும் ஒரு கையெழுத்து வேண்டும். கையெழுத்து இல்லையேல் மருந்து தானே நிற்கவேண்டும். இன்றைய நிலை இதற்கு நேர்மாறானது: தொடர்வதற்கு எவரும் ஒன்றும் செய்யவேண்டியதில்லை, நிறுத்துவதற்கே ஒருவர் முன்வரவேண்டும். நான் கண்ட தாதி முன்வர ஆயத்தமாக இருந்தார். அவருக்கு வேண்டியிருந்தது, "சேர், இது இன்றைக்கு மூன்றாம் நாள்" என்று காலைச் சுற்றிலே சொல்வது அவருடைய கடமை, அதிகப்பிரசங்கித்தனம் அன்று என்று நிபுணர் தம் வாயால் ஒருமுறை அறிவிப்பதே. பல்கலைக்கழகங்களிற் பட்டம்பெற்று வெளிவரும் மருந்தாளரும் வழங்கும் யன்னலுக்குப் பின்னாலிருந்து எழுந்து அச்சுற்றிலே நடக்கவேண்டும். நோயாளியின் மொழியில் அவனுக்கும் ஒரு வரி சொல்லப்படவேண்டும். 'ஆர்' அதிகமாயிருப்பது நல்லதென்று நினைத்துக்கொண்டு ஒருவர் தமது காலை இழப்பது எந்த நுண்ணுயிரியலிலும் சேராது.

மருந்தெழுதுதல் வைத்தியரின் தனிச்சொத்தன்று என்பது இந்நாட்டுக்குப் புதிய கருத்துமன்று. பேராசிரியர் சேனக பிபிலே அதனைத் தம் வாழ்நாட் போராட்டமாகக் கொண்டவர். 1971 இல் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து அவர் அளித்த அறிக்கையும், அதே ஆண்டிலே அவரைத் தலைவராகக் கொண்டு தோன்றிய அரசாங்க மருந்தாக்கற் கூட்டுத்தாபனமும், எந்த மருந்து வேண்டும், எந்தப் பெயரில் எழுதப்படவேண்டும், என்ன விலைக்கு வாங்கப்படவேண்டும் என்பவை மக்கள் அனைவரையும் சார்ந்த வினாக்கள் என நிறுவின. அவர் காலத்தில் எதிரி வெளியிலிருந்தான். பெயர் விற்கும் பெருங்கம்பனியாக இருந்தான். இன்று அப்போராட்டத்தின் மற்றைய பாதி விடுதிக்குள்ளே நடைபெறவேண்டியிருக்கின்றது. 2022 இல் அந்நியச்செலாவணி வற்றியபோது பேராதனைப் போதனா வைத்தியசாலையிலேயே திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் மருந்தின்மையால் இடைநிறுத்தப்பட்டதை நாம் மறந்திருக்கமாட்டோம். அத்தகைய நாட்டில், வேண்டாத ஆறு நாள் மருந்து ஒவ்வொன்றும் எவரோ ஒருவருக்கு வேண்டிய மருந்து.

மேடையில் எம்மை வென்ற நண்பர் இறுதிப் பரீட்சையிற் சித்தியடைந்து, வரும் ஆண்டு உள்ளகப் பயிற்சிக்குச் செல்லவிருக்கின்றார் என அறிந்து மகிழ்கின்றேன். அவருக்குச் சத்திரசிகிச்சை விடுதி கிடைக்குமாயின் இன்னும் மகிழ்வேன். முன்பிருந்தவர்கள் எழுதியபடி ஏழு நாள் என்று எழுதப் பேனாவை எடுக்கும் முதற்காலையில், வேண்டுமா என்று அவர் யாரிடம் கேட்டார், கேட்டபோது என்ன மறுமொழி கிடைத்தது என்பவற்றை ஒரு பக்க அளவில் எழுதியனுப்பினால், அடுத்த இதழில் அதற்கு இடம் ஒதுக்குவதாக இதழாசிரியர் என்னிடம் உறுதி கூறியிருக்கின்றார்.